சன்னலுக்கு வெளியே மரம் வேணுமா, மாடி வேணுமா?

#1 | மூணாம் மாடி

வணக்கம். எல்லாரும் லோன், ரெனவேஷன், ஏர்கான்னு பேசுற இடத்துல என் கேள்வி கொஞ்சம் சில்லறையா இருக்கலாம். பரவாயில்ல, கேட்டுடுறேன்.

இப்போ இருக்கிறது சிங்கப்பூர் அங் மோ கியோவில் பழைய புளோக், மூணாவது மாடி. சமையலறை சன்னல் அவென்யூ பக்கம். திறந்தா எதிர்ல தூங்குமூஞ்சி மரம். ரோடு அதுக்குப் பின்னாடி, பஸ் சத்தம் வரும், பஸ் தெரியாது. தெங்கான்னு புதுசா வர்ற பேட்டையில பிடிஓ (அரசாங்கம் கட்டித் தர்ற புது வீடு) கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் தோ பாயோவுல எச்டிபி (வீடமைப்புக் கழகம்) ஹப்ல யூனிட் எடுக்கணும். வீட்டுக்காரர் பதினேழாம் மாடின்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். காத்து வரும், வெளிச்சம் வரும், கொசு வராது, நாளைக்கு வித்தா நல்ல விலை போகும்னு வரிசையா சொல்றார். ஒண்ணையும் என்னால மறுக்க முடியல. ஆனா மனசு அஞ்சாம் மாடியைத் தாண்டி மேல ஏற மாட்டேங்குது.

காரணம் சொன்னா சிரிக்காதீங்க. சாயங்காலம் சாம்பாருக்குத் தாளிக்கிற நேரத்துல அந்த மரம் இலையை மடக்க ஆரம்பிக்கும். எதிரெதிரா இருக்கிற குட்டி இலைகள் ஜோடி ஜோடியா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தொங்கும். அதுவரைக்கும் பச்சைச் சுவரா இருந்த இடத்துல ஓட்டை ஓட்டையா வானம் தெரியும், அப்புறம் எதிர் புளோக் விளக்கெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். மழைக்கு இருட்டிக்கிட்டு வந்தா மத்தியானமே மடக்கிடும். கம்புல காயுற துணியை எடுக்க எனக்கு வேற எச்சரிக்கை தேவைப்பட்டதில்ல.

கீழ் மாடியில மரத்தோட இருந்துட்டு மேல போனவங்க யாராச்சும் இருந்தா உண்மையைச் சொல்லுங்க. போன பிறகு தேடுதா?

#2 | தெம்பனிஸ் கணக்கு

அக்கா, என் ஓட்டு உங்க வீட்டுக்காரருக்கு.

நான் ரெண்டாம் மாடியில வளர்ந்தவன். சன்னலை ஒட்டி மரம், அதுல மைனா. பொழுது சாயுற நேரத்துல ஊர்ல உள்ள மைனா எல்லாம் அந்த ஒரே மரத்துக்குத்தான் வரும். டிவி சத்தத்தைக் கூட்டினா அதுங்களும் கூட்டும். கீழ நிறுத்துன காரை மறுநாள் பாக்கவே முடியாது. இதுல பாதிக்கு மேல நம்ம ஊர் மைனாவே கிடையாது, 1920கள்ல கூண்டுப் பறவையா வந்து இறங்குன ஜாவா மைனா. வந்தவன் பெருகிட்டான், இருந்தவன் ஒதுங்கிட்டான்.

அப்புறம் ஈரம். மரம் மறைச்ச அறையில பீரோ பின்னாடி பூஞ்சை பிடிக்கும். எறும்பு கிளை வழியா நேரா கிச்சனுக்கு வரும். மேல் மாடிக்கு எச்டிபியே விலை கூட வைக்குது, சும்மா வைக்கல.

#3 | ராத்திரி ஷிப்ட்

குயிலைப் பத்திக் கவிதை எழுதுன அத்தனை பேரையும் எங்க புளோக்ல ஒரு வாரம் தங்க வைக்கணும்.

நான் நர்ஸ். ராத்திரி வேலை முடிச்சு வந்து திரையை இழுத்து மூடிப் படுத்தா, எதிர் மரத்துல உக்காந்துக்கிட்டு கூஊ... கூஊ... ஒவ்வொரு தடவையும் சுருதி ஒரு படி ஏறும். இனிமே ஏற இடமில்லன்னு நினைக்கும்போது நிறுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து. லீவு நாள்லயும் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பம். கத்துறது ஆண், கறுப்பு உடம்பு, சிவப்புக் கண்ணு. பெண் குயில் புள்ளி போட்ட பழுப்பு, அது கிக்கிக்கின்னு வேற மாதிரி கத்தும். இங்க காக்கா கூட்டுலதான் முட்டை போடுது. கீழ இருக்கிற பனை வகைச் செடியில பழம், மேல மரத்துல காக்கா கூடு, சாப்பாடும் பிள்ளை வளக்குற ஆயாவும் ஒரே இடத்துல கிடைக்கும்போது அது ஏன் வேற பேட்டைக்குப் போகப் போகுது?

ஆனா ஒண்ணு. மேல போனா குயில் சத்தம் குறையும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நான் பத்தாம் மாடி.

#4 | பழைய டீச்சர்

மூணாம் மாடிக்கு என் வணக்கம். உங்கள் கேள்வி சில்லறை இல்லை அம்மா.

என் அப்பாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. தளத்துக் குடியிருப்பில்தான் பிறந்து வளர்ந்தோம். வீட்டைச் சுற்றி மரம் என்பது அன்று ஒரு வசதியாகவே தோன்றவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்த காலத்தில் தோ பாயோவுக்குக் குடிவந்தோம். குழாயில் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் விளக்கு, அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சன்னலைத் திறந்தால் மட்டும் வெறும் சிமெண்டும் செம்மண்ணும். கீழே வரிசையாகக் கம்பு நட்டு வைத்திருந்தார்கள், எனக்கு அது வேலி போடப் போகிறார்கள் என்றுதான் பட்டது. சில மாதத்தில் அந்தக் கம்பெல்லாம் துளிர்த்தது. அங்சானா! நம் ஊர் வேங்கை மரத்தின் உறவு. பருத்த கிளையை வெட்டி ஊன்றினாலே வேர் பிடிக்கும் என்பதால் நிழல் அவசரமாக வேண்டிய அந்த நாளில் அதைத்தான் தீவெங்கும் நட்டார்கள்.

இளையவர்கள் பலர் இங்குள்ள மரங்கள் தாமாக முளைத்தவை என்று நினைக்கிறார்கள். 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் பிரதமர் திரு லீ குவான் யூ ஒரு மெம்பாட் கன்று நட்டார். 1967இல் பூந்தோட்ட நகரம் என்ற திட்டம் வந்தது. 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள், அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலையில் நட்டதும் உங்கள் தூங்குமூஞ்சிதான். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மண்வெட்டி கொடுத்தோம். நட்டதைவிட மண்ணில் புரண்டதுதான் அதிகம்.

இன்று என் வீடு நான்காம் மாடி. சன்னலுக்கு வெளியே மஞ்சாடி மரம், இங்கே சாகா என்பார்கள். காய் வெடித்துச் சுருண்டு சிவப்பு விதை தெறிக்கும். பேத்தி பொறுக்கி வந்து தருகிறாள், பல்லாங்குழிக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கவும் அந்தச் சன்னல் விளிம்பு வசதி.

#5 | தெம்பனிஸ் கணக்கு

டீச்சர், சோறு வைக்கிறதைப் பொதுவில எழுதாதீங்க! 2020ல இருந்து வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைக்குத் தீனி போடுறது குத்தம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செஞ்சா 10,000.

#6 | பழைய டீச்சர்

தெரியும் தம்பி. என் மாமியாரின் திதிக்கு ஒரு கைப்பிடி. மாடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நாங்களே சாப்பிட்டுவிடுகிறோம் இப்போதெல்லாம். காகம் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டு போகிறது.

#7 | பாசிர் ரிஸ் பதினாலு

மேல் மாடிக்காரன் ஒருத்தன் பேசறேன். மரம் பாக்க கீழ இருக்கணும்னு யார் சொன்னது? நீங்க பாக்குறது மரத்தோட வயிறு. எங்களுக்குத் தலை தெரியும்.

மூணாம் மாடி அக்கா, உங்க தூங்குமூஞ்சி பூத்து நீங்க எத்தனை தடவை பாத்திருக்கீங்க? கீழ உதிர்ந்து கிடக்கிறதைத்தான் பாத்திருப்பீங்க. பூவெல்லாம் குடையோட மேல்பக்கம், வானத்தைப் பாத்துத்தான் நிக்கும். ரோஜா நிறத்துல பஞ்சு பஞ்சா. மேல இருந்து பாத்தாதான் அந்த மரம் பூக்குதுன்னே தெரியும். மார்ச், ஏப்ரல் வாக்குல காய்ச்சலான வெயில் போட்டு மழை பேஞ்சா தபேபுயா மரம் வேற மொத்தமா பூத்து நிக்கும், ரோடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பூவை வெச்சே சொல்லலாம். மரத்தடியில நின்னு போட்டோ எடுக்கிற கூட்டத்துக்கு இந்தக் கோலம் தெரியாது.

அப்புறம் இருவாச்சி. எங்க ஏர்கான் கம்ப்ரசர் மேல வந்து உக்காரும், ஜோடியா. மூக்கு மேல கொம்பு மாதிரி அந்த மஞ்சள் கவசத்தைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால வீட்டுக்குள்ள பாக்கும். என் பையனுக்கு அது சொந்தக்காரன் மாதிரி ஆயிடுச்சு. இந்தப் பறவை சிங்கப்பூர்ல நூறு வருஷத்துக்கு மேல காணாம போயிருந்தது, 1994லதான் புலாவ் உபின்ல மறுபடி தென்பட்டுச்சு. கூடு வைக்கப் பெரிய பொந்து வேணும், பெண் பறவை உள்ள போய் வாசலை அடைச்சுக்கும், ஆண் வெளிய இருந்து ஊட்டும். அவ்ளோ பெரிய பொந்து இருக்கிற கிழட்டு மரம் நம்மகிட்ட கம்மி, அதனால பெட்டி செஞ்சு மாட்டி வெச்சாங்க. இப்போ புளோக் புளோக்கா சுத்துது. சாதுன்னு நினைக்காதீங்க, மைனாக் குஞ்சை எடுத்து முழுசா முழுங்குறதை என் கண்ணு முன்னாடி பாத்தேன். தெம்பனிஸ் கணக்குக்கு இது சந்தோஷமா இருக்கும்.

#8 | தெம்பனிஸ் கணக்கு

ரொம்ப சந்தோஷம். எங்க பேட்டைக்கு அனுப்பி வைங்க.

#9 | கிளைவெட்டி

எல்லாருக்கும் வணக்கங்க. நான் மரம் வெட்டுற கம்பெனியில வேலை பாக்குறேன், ஊரு புதுக்கோட்டை பக்கம். நீங்க உள்ள இருந்து மரத்தைப் பாக்குறீங்க, நான் ஸ்கைலிஃப்ட் வாளியில நின்னு மரத்துக்குள்ள இருந்து உங்க சன்னலைப் பாக்குறவன். அதனால எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கு.

முதல்ல உயரக் கணக்கு. எச்டிபியில ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் ஏறக்குறைய 2.8 மீட்டர். ரோட்டோரத்துல வயசான தூங்குமூஞ்சி 20, 25 மீட்டர் நிக்கும், குடை அதைவிட அகலம். அப்போ மூணுல இருந்து ஆறு வரைக்கும் இருக்கிறவங்க குடைக்குள்ள இருக்காங்க. ஏழு, எட்டுல மரத்துக்கு சரிமட்டம். பத்துக்கு மேல போனா பாசிர் ரிஸ் அண்ணன் சொல்ற மாதிரி மேல்பக்கம் தெரியும். இது பழைய பேட்டைக் கணக்கு. புது பிடிஓவுக்கு இது செல்லாதுங்க அக்கா. சாவி வாங்குற அன்னைக்கு அங்க நிக்கிறது முட்டுக்கம்பு கட்டுன கன்னுதான். நாலாம் மாடி எடுத்தாலும் பல வருஷத்துக்கு நீங்க மரத்தோட உச்சியைக் குனிஞ்சு பாப்பீங்க.

இன்னொன்னு கவனிங்க. எந்த மரம் எங்க நட்டதுன்னு பாருங்க. கார்பார்க் கூரை மேல தோட்டம் போட்டிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா அதுக்குக் கீழ கான்கிரீட். மண்ணு கொஞ்சம்தான். அங்க சின்ன மரம்தான் வெப்பாங்க, அது தூங்குமூஞ்சி ஆகாது. நிலத்துல நட்டது, ரோட்டோரம் நட்டது, அதுதான் வளரும். ரோட்டோரத்தையும் பார்க்கையும் என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) பாக்குது, புளோக்கைச் சுத்தி உள்ளதை டவுன் கவுன்சில் பாக்குது. கிளை சன்னலை உரசுதுன்னா ஒன்சர்வீஸ் செயலியில போட்டீங்கன்னா உரிய இடத்துக்குப் போயிடும்.

வேலையைப் பத்திக் கேட்டா... ஒரே புளோக்ல இருந்து ஒருத்தர் இருட்டா இருக்கு வெட்டுன்னு போன் பண்ணியிருப்பார், அதே மரத்துக்கு இன்னொருத்தர் ஏன் வெட்டுறேன்னு சன்னல்ல நின்னு கத்துவார். ஒரு சீனப் பாட்டி, நாலாம் மாடி, நான் செயின்சா எடுத்தாலே கையை ஆட்டும். பாஷை புரியாது. அந்தக் கிளை வேண்டாம், இதை எடுத்துக்கோன்னு விரலால காட்டும். அது காட்டுற கிளை பாதி நேரம் சரியாத்தான் இருக்கும், காய்ஞ்ச கிளை. பறவைக்கூடு இருந்தா நாங்களே அந்தக் கிளையை விட்டுட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடணும், அது முறை.

மரத்தை மொட்டையடிச்சா பாதுகாப்புன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. மொட்டையடிச்ச இடத்துல வர்ற கொப்பு மேலோட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும், வேகமா நீளும், சுமத்ரா பக்கமிருந்து திடீர்னு அடிக்கிற ஒரு பலத்த காத்துக்குப் பிச்சுக்கிட்டு வரும். நல்லா வெட்டுனா வெட்டுன மாதிரியே தெரியக் கூடாது. காத்து உள்ள புகுந்து போக வழி விட்டு அங்கங்க எடுக்கணும்.

#10 | மூணாம் மாடி

கிளைவெட்டி தம்பி, இவ்வளவு விவரம் எந்த ஏஜென்ட்டும் சொல்லல. ரொம்ப நன்றி. உங்க சன்னலுக்கு வெளிய என்ன தெரியும்?

#11 | கிளைவெட்டி

டார்மிட்டரில அடுத்த புளோக் சன்னல்தாங்க அக்கா. அங்க துணி காயும். பகல் பூரா மரத்துலதான இருக்கேன், அது போதும்.

#12 | ராத்திரி ஷிப்ட்

வெட்டுறதைப் பத்திச் சொல்லணும்னா, 2017 பிப்ரவரியில தாவரவியல் பூங்காவுல விழுந்த தெம்புசு மரத்தை மறக்க முடியாது. 270 வருஷத்துக்கு மேல வயசு, 40 மீட்டர் உயரம், பாரம்பரிய மரம்னு பட்டியல்ல இருந்தது. இந்தியாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு அதுல இறந்தாங்க. அதுக்கப்புறம் எங்க மாமா காத்தடிச்சாலே சன்னலை மூடிட்டு உள்ள போயிடுவார்.

(அஞ்சு வெள்ளி நோட்டுல இருக்கிற தெம்புசு விழுந்துடுச்சுன்னு அப்போ வாட்சப்ல ஓடுச்சு. அது வேற மரம், தாழ்வான கிளையோட அதே பூங்காவுல இன்னும் நிக்குது.)

நான் மரத்துக்கு எதிரி இல்ல. எங்க தொழில்ல படிக்கிற ஒரு பழைய ஆய்வு இருக்கு. ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல சயின்ஸ் இதழ்ல எழுதுனது. பென்சில்வேனியாவுல ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை முடிஞ்ச 46 பேர். வயசு, பால் எல்லாம் பொருத்தி ஜோடி சேர்த்தார். ஜோடில ஒருத்தருக்குச் சன்னல்ல மரம், இன்னொருத்தருக்குச் செங்கல் சுவர். மரம் பாத்தவங்க சராசரி 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க, சுவர் பாத்தவங்க 8.70. கடுமையான வலி மருந்தும் மரக்காரங்களுக்குக் குறைவாத்தான் தேவைப்பட்டுச்சு. 46 பேரை வெச்சு உலகத்தையே அளந்துட முடியாது, ஆனா அவர் செஞ்ச ஒரு வேலை எனக்குப் பிடிக்கும். மரத்துல இலை இருக்கிற மாசத்து நோயாளிங்களை மட்டும்தான் எடுத்துக்கிட்டார், மே முதல் அக்டோபர் வரைக்கும். நமக்கு அந்தக் கவலையே இல்ல.

அந்த மரத்துல குயில் இருந்துச்சான்னு மட்டும் அவர் எழுதல.

#13 | காரிடார் தோட்டம்

இத்தனை பேர் பேசியும் யாரும் புறா ஆர்க்கிட் பத்திச் சொல்லலையே! கீழ் மாடிக்கு நான் ஓட்டுப் போடுறதே அதுக்காகத்தான்.

தூங்குமூஞ்சி கிளை மேல பறவைக்கூடு பெரணி ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, பெரிய கிண்ணம் மாதிரி. அதுக்குப் பக்கத்துல குச்சி குச்சியா, களை மாதிரி ஒண்ணு தொங்கும். வருஷம் பூரா அதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நல்ல வெயில் காஞ்சுட்டு இருக்கும்போது திடீர்னு கொட்டுற மழையில சூடு சட்டுனு இறங்கும் இல்லையா, அதுதான் அதுக்குக் கணக்கு. அந்த மழையில இருந்து ஒன்பதாவது நாள் காலையில பூக்கும். ஒரு செடி மட்டும் இல்ல, அந்த மழை பேஞ்ச பேட்டை முழுக்க ஒரே காலையில. வெள்ளைப் பூ, நடுவுல லேசா மஞ்சள், பக்கவாட்டுல பாத்தா புறா பறக்குற மாதிரியே இருக்கும். சாயங்காலத்துக்குள்ள வாடிடும்.

பெரிய மழை பேஞ்சா காலண்டர்ல ஒன்பது நாள் தள்ளி வட்டம் போட்டு வைப்பேன். எல்லாத் தடவையும் பலிக்காது, மழை வெறுமனே பேஞ்சா போதாது, குளிரணும். பலிச்ச அன்னைக்குக் காலையில சன்னலைத் திறந்தா முதல்ல வாசனைதான் வரும், அப்புறம்தான் பூவைத் தேடணும். பதினாலாம் மாடிக்கு அந்த வாசனை ஏறுமான்னு பாசிர் ரிஸ் அண்ணன்தான் சொல்லணும்.

#14 | பாசிர் ரிஸ் பதினாலு

ஏறாது. இந்த ஒண்ணுல தோத்துட்டேன்.

#15 | காட்டுக்குப் பக்கம்

எல்லாம் சரி. தெங்கான்னதும் ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. வனநகரம்னு பேர் வெச்சு, இருந்த காட்டை வெட்டிட்டு, 42,000 வீடு கட்டி, நடுவுல 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று விட்டு, அதுக்கு வனப்பாதைன்னு பேர். அதைப் பாத்த யூனிட்டுக்கு இப்போ போட்டி. எனக்குச் சிரிப்புதான் வருது.

#16 | தெம்பனிஸ் கணக்கு

உங்க வீடு எங்க கட்டுனது அண்ணே, ஆகாயத்துலயா? ஏதோ ஒரு ரப்பர் தோட்டம், ஏதோ ஒரு கம்பம் (மலாய்க் கிராமம்) இருந்த இடம்தான். பிள்ளைகளுக்கு வீடு வேணாமா?

#17 | காட்டுக்குப் பக்கம்

வீடு வேணாம்னு சொல்லல. எங்க சன்னலுக்கு எதிர்ல இருக்கிறது டோவர் காடு, அதனால வயித்தெரிச்சல். 33 ஹெக்டர். நாங்க குடிவந்தப்ப ஏஜென்ட் தடையில்லாத பசுமைக் காட்சின்னு அடிச்சுச் சொன்னார். 2003ல இருந்தே அது குடியிருப்பு நிலம்னு வரைபடத்துல இருந்திருக்கு, யாரும் எங்களுக்குக் காட்டல. 2021ல பெரிய விவாதம் ஆகி, ஆயிரக்கணக்கான பேர் எழுதிப் போட்டு, கிழக்குப் பாதி வீட்டுக்கு, மேற்குப் பக்கத்தை இப்போதைக்குத் தொடுறதில்லன்னு முடிவாச்சு. எங்க சன்னல் கிழக்குப் பாதி பக்கம். கிரேன் தெரியுது.

அதனால மூணாம் மாடிக்கு ஒரே யோசனை. யூனிட் எடுக்குறதுக்கு முன்னாடி நகர மறுசீரமைப்பு ஆணையத்தோட மாஸ்டர் பிளான் வரைபடத்தைத் திறந்து, உங்க சன்னலுக்கு எதிர்ல உள்ள நிலம் என்ன நிறத்துல இருக்குன்னு பாருங்க. பார்க்குன்னு பச்சையா இருந்தா நிம்மதி. குடியிருப்பு நிறமோ பின்னாடி எதுக்காச்சும் எடுத்துக்கலாம்னு ஒதுக்கி வெச்ச நிலமோ இருந்தா, இன்னைக்கு அங்க காடு இருந்தாலும் அதை நம்பிக் காசு கட்டாதீங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் திட்டத்தையே திருத்துறாங்க, அதையும் மனசுல வைங்க.

#18 | கிளைவெட்டி

அண்ணன் சொல்றது சரிதாங்க. காடு மாதிரி இருக்கிற காலி இடத்தைவிட ரோட்டோரத்துல ஒத்தையா நிக்கிற மரத்துக்கு ஆயுசு கெட்டி. ட்ரீஸ்.எஸ்ஜின்னு ஒரு இணைய வரைபடம் இருக்கு, 5 லட்சம் மரத்துக்கு மேல அதுல ஏத்தியிருக்காங்க. உங்க தெருவுல உள்ள மரத்தைத் தொட்டா பேரு, சுத்தளவு எல்லாம் வரும்.

#19 | பாசிர் ரிஸ் பதினாலு

இன்னொரு விஷயம், புது வீட்டுக்குப் போறவங்க யாரா இருந்தாலும். கண்ணாடில மரம் பிரதிபலிச்சா பறவை அதை மரம்னு நம்பி வந்து மோதும். அக்டோபர், நவம்பர்ல வடக்க இருந்து வலசை வர்ற நேரத்துல அதிகம். எங்க புளோக் கீழ ஒரு தோட்டக்கள்ளன், நீல இறக்கை, பச்சை முதுகு, அவ்ளோ அழகு, செத்துக் கிடந்தது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் புள்ளி புள்ளியா ஒட்டணும், நெருக்கமா, 5 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு. கழுகுப் படம் ஒண்ணு மட்டும் ஒட்டுறதுல பயனில்ல. மேல் மாடியில வெளிப்பக்கம் ஒட்டுறேன்னு எட்டிக் குதிச்சுடாதீங்க, சன்னல் கதவைத் திறந்து உள்ள நின்னு எட்டுற வரைக்கும் போதும்.

#20 | மூணாம் மாடி

யூனிட் எடுத்தாச்சு. நம்ம முறை வந்தப்ப பதினேழும் இல்ல, நாலும் இல்ல. ரெண்டுமே முன்னாடி போனவங்க எடுத்துட்டாங்க. ஏழாம் மாடி, காலை வெயில் பக்கம், மாஸ்டர் பிளான்ல எதிர்ல பச்சை. வீட்டுக்காரர் முகத்துல சிரிப்பும் இல்ல, கோவமும் இல்ல. கிளைவெட்டி தம்பி சொன்ன கணக்கைக் காட்டினேன், மரம் வளர்ந்து சரிமட்டத்துக்கு வர்றப்ப நமக்கு முடி நரைச்சிருக்கும்னார்.

தம்பி, ஒரு சந்தேகம். நேத்து இடத்தைப் பாக்கப் போனோம். பக்கத்து ரோட்டுல ஒரு பெரிய மரம், முழுக்க மஞ்சப் பூ. எங்க மாமியார் கொன்றைங்கிறாங்க, எனக்கு அங்சானான்னு படுது. எது?

#21 | கிளைவெட்டி

தூரத்துல இருந்து பூ நிறத்தை வெச்சு சொல்ல முடியாதுங்க அக்கா. கொன்றைன்னா பூ சரம் சரமா கீழ தொங்கும், காய் நீளமா தடி மாதிரி இருக்கும். அங்சானா ஒரே நாள்ல பூத்து, மறுநாள் ரோடெல்லாம் கொட்டிடும், காய் வட்டமா சுத்தி ஓரம் வெச்சு அப்பளம் மாதிரி. பூ மேல்நோக்கி நின்னு, இலை புளிய இலையாட்டம் பொடிசா இருந்து, காய் தட்டையா செம்பு நிறத்துல இருந்தா இயல்வாகை. கீழ என்ன கிடந்துச்சுன்னு பாத்தீங்களா?

#22 | மூணாம் மாடி

மாமியார் ஒரு காயைப் பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க. தட்டை. செம்பு நிறமேதான்.

#23 | கிளைவெட்டி

இயல்வாகை. இந்தத் தீவோட கடற்கரையிலயே இயல்பா வளர்ற மரம், வெளிநாட்டுது இல்ல. நல்லா நிழல் கொடுக்கும். பூ விழுற காலத்துல வண்டியை அதுக்குக் கீழ போடாதீங்க.

#24 | ராத்திரி ஷிப்ட்

அதுல குயில் உக்காருமா?

#25 | கிளைவெட்டி

எல்லா மரத்துலயும் உக்காரும் அக்கா.